தேவிப்ரியா வீட்டு எர்த்துக் குழி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தங்கை தேவிப்ரியா வீடு கட்டியபோது வயரிங் முழுவதையும் வெங்கடேசன்தான் செய்தான். வேறு ஆளை வைத்தால் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செய்தான். ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர் இழுத்தான். அத்தனை பச்சை வயரும் போய்ச் சேர வேண்டிய எர்த்துக் குழியைத்தான் தோண்ட முடியவில்லை. பின்புறம் மூன்றடியில் பாறை. மறுநாள் கிரகப்பிரவேசம்.

“இன்னாண்ணா, வேல முடிஞ்சிதா?” என்றாள் தேவிப்ரியா.

“எர்த்து ஒண்ணுதான் பாக்கி. அடுத்த வாரம் வேற எடத்துல தோண்டிக் குடுத்துடறேன்.”

அடுத்த வாரம் உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டப வேலை வந்தது. அப்புறம் மழை. வீட்டில் விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது. அவனுக்கும் மறந்துபோயிற்று.

இரண்டாம் வருஷம் அவள் மீன் தொட்டி வாங்கினாள். கணவன் சுபாஷ் லாரியில் போனால் திரும்ப நாலு நாளாகும். வீட்டில் ஏதாவது அசைந்துகொண்டிருக்கட்டும் என்றாள். தொட்டிக்கு மேலே தகர மூடி, அதற்குள் ட்யூப்லைட். பிளக்கைச் சொருகிக் கொடுத்ததே வெங்கடேசன்தான். அப்போதுகூட அவனுக்குக் குழி நினைவுக்கு வரவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, தண்ணீர் மாற்ற, நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று மூடியைத் தூக்கினாள். தகர விளிம்பு உராய்ந்து உள்ளே வயரின் தோல் உரிந்திருந்தது. கரண்ட் தகரம் வழியாக அவளைப் பிடித்துக்கொண்டது. எர்த்து இருந்திருந்தால் வயர் தகரத்தைத் தொட்டபோதே ஃபியூஸ் போயிருக்கும். பக்கத்து வீட்டு பச்சையம்மாள் ஓடிவந்து மெயினை அணைத்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே தேவிப்ரியாவின் உயிர் போய்விட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் மூடி செய்தவனைத் திட்டினார்கள். சுபாஷும் அதையே சொல்லி அழுதான். “நீ இழுத்த வயரு எதுவும் ஆவலப்பா” என்று பச்சையம்மாள் தேற்றியபோது, வெங்கடேசன் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான்.

காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று சுபாஷிடம் போய் நின்றான்.

“மாப்ள, மூடிக்காரன் மேல மட்டும் தப்பு இல்ல. இந்த வூட்டுக்கு எர்த்தே கெடையாது. நான் தோண்டல.”

சுபாஷுக்குப் புரியவில்லை. “பிளக்குல மூணு ஓட்டை இருக்குதே மச்சான்?”

“ஓட்டை இருக்குது. வயரும் இருக்குது. அது எங்கியும் போய்ச் சேரல.”

சுபாஷ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவ கேட்டாளா?”

“ஒருதரம் கேட்டா.”

“கெளம்புங்க.”

மறுநாள் வெங்கடேசன் கடப்பாரையோடு வந்து வீட்டுக்கு முன்னால் தோண்டினான். எட்டடி வரை மண்ணாகவே இறங்கியது. பைப்பை நிறுத்தி, கரியும் உப்பும் கொட்டி, பச்சை வயரைக் கொண்டுவந்து முடுக்கினான். அரை நாள்கூட ஆகவில்லை. சுபாஷ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தடுக்கவில்லை, ஒரு சொம்பு தண்ணீரும் கொடுக்கவில்லை.

மூன்று வருஷமாயிற்று. சுபாஷ் இன்னும் பேசுவதில்லை. திதி என்றைக்கு என்று பச்சையம்மாள்தான் போனில் சொல்வாள். சொல்லிவிட்டு, “வந்துடாதப்பா” என்பாள். அன்று வெங்கடேசன் வேலைக்குப் போவதில்லை.