அப்பாவின் தாடை என் முகத்தில்

என் அப்பாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கும். வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மேல்பற்களைத் தாண்டி வெளியே வந்து நிற்கும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று செகந்திராபாத் பக்கம் சைனிக்புரியில் வீடு கட்டிக் குடியேறிய அவரைப் பார்ப்பவர்கள் எல்லோரும், "என்ன கம்பீரமான முகம்!" என்பார்கள். காலனிக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றாலே பாதிப் பேர் ஒத்துக்கொண்டுவிடுவார்கள். அதே தாடை அப்படியே எனக்கும் வந்தது. என் முகத்தில் அதற்குப் பெயர் குறை.

பள்ளியில் என்னை எந்த நாயோடு ஒப்பிட்டார்கள் என்று எழுதப் போவதில்லை. பாவம், அந்த நாய் என்ன செய்தது. செகந்திராபாத்தில் இருந்த அத்தை ஒரு வைத்தியம் வைத்திருந்தார். "தெனம் படுக்கும்போது உள்ளங்கையால தாடையை உள்ள தள்ளிவிடு. சரியாப் போயிடும்." எலும்பும் சப்பாத்தி மாவும் அவருக்கு ஒன்றுதான்.

என் உண்மையான தொல்லையை யாரும் கேட்டதில்லை. முன்பற்கள் ஒன்றோடொன்று சேராததால் என்னால் எதையும் கடித்துத் துண்டாக்க முடியாது. ஆபீஸ் கேன்டீனில் சாண்ட்விச்சைக் கடித்து இழுத்தால் ரொட்டி கையிலும் மற்றதெல்லாம் துப்பட்டாவிலும் இருக்கும். காலையில் எழும்போது காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலிக்கும். இதையெல்லாம் சொன்னபோது அம்மா, "மெதுவா சாப்பிடு" என்றாள். ஜாதகம் வெளியே போக ஆரம்பித்த மாதம்தான் என் தாடை மருத்துவப் பிரச்சினை ஆனது.

பல் சீரமைப்பு மருத்துவரின் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லாம் சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள். பக்கத்தில் இருந்த பெண் குழந்தை என்னிடம், "ஆன்ட்டி, ஆப்கா பேபி அந்தர் ஹை க்யா?" என்று, என் குழந்தை உள்ளே இருக்கிறதா எனக் கேட்டது. உள்ளே போகப்போகிற பேபி நான்தான் என்றேன்.

மருத்துவர் என் வயதுப் பெண். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். எலும்பு வளர்ந்துகொண்டிருந்த வயதில் வந்திருந்தால் மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும் கருவியைப் போட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது கம்பி பல்லை நகர்த்துமே தவிர எலும்பை நகர்த்தாது. அதனால் முதலில் கம்பி, அப்புறம் தாடை எலும்பில் அறுவை சிகிச்சை. இன்னொன்றும் சொன்னார். இத்தனை வருடமாக என் பற்கள் தாடைக் கோணலுக்கு ஈடுகொடுத்துச் சாய்ந்து நின்றிருக்கின்றன. அவற்றை நேராக்கும்போது தாடை இன்னும் துருத்திக்கொண்டு தெரியும், பயப்படக் கூடாது. அம்மாவின் காதில் 'கம்பி' வரைக்கும்தான் விழுந்தது. அடுத்த முகூர்த்தத்துக்குள் எல்லாம் உள்ளே போய்விடும் என்று நம்பி வரன் பார்ப்பதைத் தொடர்ந்தாள்.

அப்படித்தான், தாடை தன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்க வந்தார்கள். சென்னையிலிருந்து வந்து உப்பலில் குடியிருக்கும் குடும்பம். பையனுக்கு ஐ.டி. வேலை. அவருக்கு முகவாய்க்கட்டையே இல்லை என்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தாடி வைத்து ஒன்றை உண்டாக்கியிருந்தார். அந்த வசதி எனக்குக் கிடையாது.

பையனின் அம்மா கேசரியைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. கொஞ்சம் சைடுல திரும்பேன்."

திரும்பினேன்.

"கம்பி போட்டுமா இப்படி இருக்கு?"

"கம்பி போட்டதாலதான் ஆன்ட்டி இப்படி இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் சரியாயிடும்."

"ஆபரேஷனா!" அவர் என் அம்மாவைப் பார்த்தார். "இது பரம்பரையா வருமோ? பொறக்கற கொழந்தைங்களுக்கு…"

பதில் எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதே தாடையோடு, மீசையை முறுக்கிக்கொண்டு. பையனின் அப்பா அதைத்தான் வந்ததிலிருந்து வியந்துகொண்டிருந்தார். "சாரைப் பாத்தாலே மிலிட்டரின்னு தெரியுது. என்ன கம்பீரம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பி போட்ட வாயை முழுசாகத் திறந்து சிரித்தேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு ஷோகேஸ் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அவர்கள் போன் செய்யவில்லை. அடுத்த முறை கிளினிக்குக்கு அப்பாவே காரை எடுத்தார். மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்ததும், "சார், உங்களுக்கும் இதே பிரச்சினைதான்" என்றார்.

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

"ஆப்பிள் கடிப்பீங்களா?"

அப்பா ஆப்பிளை, கொய்யாவை, கரும்பைக்கூடக் கத்தியால் நறுக்கித்தான் சாப்பிடுவார். நாங்கள் அதை ராணுவ ஒழுக்கம் என்று நினைத்திருந்தோம். திரும்பி வரும் வழியில், ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "உனக்கும் காது கிட்ட வலிக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஹவ், எனக்கும்தான்" என்று அவரும் ஊர் பாஷையில் ஆமாம் போட்டார். என் தாடையைப் பற்றி வீட்டாரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல பேச்சு அது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. முகம் பூசணிக்காய் போல வீங்கியது. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ரப்பர் வளையங்களால் பூட்டிவிட்டார்கள். ரசத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரம் வழியாக உள்ளே அனுப்பினாள் அம்மா. பார்க்க வந்த அத்தை, "ஐயோ, அண்ணா ஜாடையே போயிடுச்சே! எதுக்குடி இந்த வேண்டாத வேலை?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளங்கையால் தள்ளச் சொன்ன அதே அத்தை. பதில் சொல்ல முடியாதபடி என் வாயைக் கட்டியிருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

வீக்கம் வடிந்ததும் அம்மா ஒரு போட்டோ எடுத்து, வாட்ஸாப்பில் யாருக்கெல்லாமோ அனுப்பினாள். உப்பல் வீட்டிலிருந்து போன் வந்தது. ஜாதகம் நன்றாகத்தான் பொருந்தியிருந்ததாம். தங்களுக்கு இப்போது ஆட்சேபணை எதுவும் இல்லையாம். அம்மா ரிசீவரை மூடுவதுபோல மொபைலைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் பிரகாசம்.

"நக்கோ" என்றேன். 'வேண்டாம்' என்பதற்கு எங்கள் ஊரில் பல்லைத் திறக்காமல், உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய சொல் அது.

"ஏன்டி? நல்ல எடம்டி. என்ன காரணம்னு சொல்றது?"

அப்பா எழுந்து வந்து மொபைலை வாங்கினார். "உங்க பையனை ஒரு தடவை தாடியை எடுத்துட்டு, சைடுல திரும்பி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

அம்மா ஒரு வாரம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. ரசம் மட்டும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.