மிளகாய் வராத காலத்துச் சாப்பாடு

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூரில் எங்கள் வீதி ஆண்கள் நான்கு பேருக்கு நான் சமையல் வாத்தியாராக இருந்தேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது என் மனைவிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

தொடங்கி வைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். மில்லில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து ஒரு வருடம். பெங்களூரில் இருந்த மகள், தன்னோடு வந்துவிடும்படி வாராவாரம் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஆக்கித் திங்கத் தெரியும்னு காட்டிப்போட்டா உட்டுருவாளுங்க. இந்த ஊட்டுலயே இருந்துக்குவேன். நீங்க நாலு எழுத்துப் படிச்சவரு, சொல்லிக்குடுங்க.”

படிப்புக்கும் பருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

நான் படித்திருந்தது கோயில் கல்வெட்டுகளை. சோழர் காலத்தில் சாமிக்கு என்ன படைத்தார்கள் என்று அவற்றில் இருக்கிறது: சோறு, பருப்பு, நெய், கறி, தயிர், மிளகு, சீரகம். செலவு குறைவு, வேலையும் குறைவு. முக்கியமாக, ‘எங்கம்மா இப்படி வைக்க மாட்டாங்க’ என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆகவே மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தடை செய்தேன். அவை பிற்பாடு கப்பலில் வந்தவை. நிலக்கடலையும் அப்படித்தான் என்றதும், அன்னூரில் தோட்டம் வைத்திருந்த மாணவரின் முகம் வாடிவிட்டது.

“கடலெண்ணெயும் ஆகாதுங்களா?”

“ஆகாது.”

“பாவமுங்க அந்தச் சோழருங்க.”

ஞாயிறுதோறும் ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, ஒருவர் காய் என்று கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டில் கூடிச் சமைத்துக் கூடியே சாப்பிடுவோம். டைம் ஆபீஸ்காரர் பருப்பை அடுப்பில் ஏற்றிய நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்வார். “பதினொண்ணு பத்துக்கு ஏறுச்சுங்க. இன்னும் ஷிப்ட் முடிக்கலீங்க” என்பார். சாப்பிட்டு முடித்ததும் நால்வரும் “நல்லாருக்குதுங்க” என்பார்கள். நான் பூரித்துப்போவேன்.

“இந்த ஊர்ல எதைத்தானுங்க நல்லால்லைன்னு சொல்லியிருக்காங்க?” என்றாள் மனைவி. அவள் ஊறுகாய் ஜாடியோடு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து மகள் வந்தாள். அன்று எங்கள் வீட்டில் சமையல் முழுக்க அவள் அப்பாவுடையது. இலையில் குழையாத சோறு, மிளகு தட்டிப் போட்ட பாசிப்பருப்பு, வாழைக்காய்க் கறி, சீரகம் மணக்கும் மிளகுச்சாறு. அவ்வளவு சுத்தமாக நானே ஒருநாளும் சமைத்ததில்லை. அவர் மகளின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

ஒரு வாய் சாப்பிட்டாள். இலை முழுவதையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“மாமா, அப்பாவுக்கு ஒடம்புக்கு என்னுங்க?”

“ஒண்ணுமில்லையேம்மா.”

“இது பத்தியச் சாப்பாடுங்க. அம்மாவுக்குக் கடைசி மூணு மாசம் நான் இதையேதான் ஆக்கிக் குடுத்தேன்.”

“கல்வெட்டுல இருக்கும்மா” என்றேன். என் ஆயுளில் அவ்வளவு பயனற்ற வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

அன்னூர்க்காரர் உதவிக்கு வந்தார். “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி, நல்லாத்தானுங்க இருக்காரு.” ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்கிற அதே குரல். மற்ற இருவரும் இலையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மகளின் கண்கள் நிறைந்துவிட்டன.

“எனக்கென்ன அம்மணி கேடு? இத பாரு!” என்று அப்பா என் மனைவியின் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி ஊறுகாயை அள்ளி வாயில் போட்டார். வார நாட்களில் தன் வீட்டிலும் அதையே ஆக்கித் தின்று, இரண்டு மாதமாக மிளகாயே காணாத நாக்கு. புரையேறி, இருமி, முகம் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். மகள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள். அன்று மாலையே டாக்டரிடம் காட்ட அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

பெங்களூர் டாக்டர் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்றாராம். அதற்குள் வீட்டைக் காலி செய்ய ஏற்பாடாகிவிட்டிருந்தது. சாமான் எடுக்க வந்த கடைசி நாள், ஆட்டோவில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க, அந்தக் கல்வெட்டுல மகளுங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?”

எழுதியிருப்பார்கள். நான் சோறு வரும் வரிகளை மட்டும்தான் படித்திருந்தேன்.