சித்தி கொண்டுவந்த பெருங்காயம்

எனக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்றோ, அதிகம் சாப்பிட்டால் வயிறு மந்தமாகும் என்றோ அர்த்தமில்லை. ஒரு துணுக்கு பிஸ்கட் உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கொஞ்சூண்டு கேசரிதானே, ஒண்ணும் ஆகாது என்று சொல்லாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இப்போதெல்லாம் சுகர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். சுகர் என்றால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருஷம்தான் என் வியாதிக்குப் பெயர் தெரிந்தது. கடல் வந்தபோது நாங்களும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். வேளாவேளைக்கு ரவை உப்புமாவும் பன்னும் கொடுத்தார்கள். நல்ல மனசோடு கொடுத்ததுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அதிலிருந்துதான் முற்றியது. ஒன்பது வயதுப் பிள்ளையை ஆறு வயது என்று சொல்லும்படி ஆனேன். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பிரேயரில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுவேன்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நம் பக்கம் இது அபூர்வம், வடக்கேதான் அதிகம் என்றார் டாக்டரம்மா. கோதுமை, ரவை, மைதா, சேமியா எதையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது, வேறு மருந்து கிடையாது, இதுதான் மருந்து என்றும் சொன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் மூன்று வேளையும் சோறு தின்கிறவர்கள், இது ஒரு பத்தியமா என்று திரும்பும் பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆயுசுக்கும் என்ற ஒரு சொல் மட்டும்தான் அவள் காதில் விழுந்திருந்தது.

"பொட்டப் புள்ளைக்கு ஆயுசுக்கும் வியாதின்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வருவான்? யார் கேட்டாலும் பூச்சி வயிறுன்னு சொல்லு. உன் சித்திகிட்டயும் அதான்."

சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. மீன்பிடிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கடல் படகையும் வலையையும் கொண்டுபோனபின் சித்தப்பாவோடு கோட்டக்குப்பத்துப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டாள். அவளிடம் எதையும் மறைக்கத் தோன்றாது, அவ்வளவு பிரியமானவள். அவளுக்கும் எதையும் மறைக்கத் தெரியாது என்பதுதான் அம்மாவின் கவலை.

பத்தியம் வேலை செய்தது. வயிறு வற்றியது, கன்னம் தெரிந்தது. அளத்தில் உப்பு வாரப் போகும் அம்மாவோடு வரப்பிலேயே ஓடும் தெம்பு வந்தது. சத்துணவில் எது கலக்குமோ என்று பயந்து அம்மா எனக்குத் தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள். விடிவதற்குள் அளத்துக்குப் போய், தலையில் உப்புக் கூடை சுமந்து, வெயில் ஏறியபின் வீட்டுக்கு வந்து, மறுபடி அடுப்பு மூட்டுகிறவள் அவள். அந்த ஒரு தூக்கு அவளுக்கு எவ்வளவு கூடுதல் பாரம் என்று எனக்கென்ன தெரியும்? தினமும் அதே சோறா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

சித்தி வரும்போதெல்லாம் எனக்கென்று கிரீம் பன் வாங்கி வருவாள். மருந்து சாப்பிடுகிறாள், ஆகாது என்று அம்மா அதை அண்ணன் கையில் கொடுத்துவிடுவாள். இரண்டு முறை பொறுத்துப் பார்த்த சித்திக்கு மனசு விட்டுப்போனது. நாங்க குடுத்தா துன்னக்கூடாதா என்று கேட்டுவிட்டாள். அம்மா ஏதோ சொல்லி மழுப்பினாள். அந்தச் சமயத்தில்தான் சித்திக்கு ஒரு பெருங்காயக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அடுத்த முறை பன் வரவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பெருங்காயக் கட்டியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"பூச்சி வயித்துக்கு இதவிட மருந்து இல்லக்கா. மோர்ல கரைச்சு டெய்லி குடு. இதையும் வாணாம்னு சொல்லிடாத."

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருங்காயம் வயிற்றுக்கு நல்லது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அதற்கு முன் எங்கள் வீட்டில் பண்டிகை ரசத்துக்குத்தான் அது எட்டிப் பார்க்கும். இப்போது தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் மோர். புளிப்பும் உப்புமாக, அந்த வாசனையோடு எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் எனக்கு மட்டும் என்று ஒன்று கிடைத்ததே பெரிய கௌரவம். அண்ணன் ஒரு வாய் கேட்டுத் திட்டு வாங்குவான்.

ஒரு மாதம் போயிருக்கும், வயிறு மறுபடி ஊதியது. பழையபடி பேதி, பழையபடி அசதி. வயிறு ஊதியதால் அம்மா பெருங்காயத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். கூட்டக் கூட்ட நான் சுருண்டேன். மறுபடி புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, பயப்படாமல் சொல்லு, ஸ்கூலில் என்ன வாங்கிச் சாப்பிடுகிறாய் என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் அம்மாவை உள்ளே கூப்பிட்டார். எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது, இப்படியே போனால் வளர்த்தி நின்றுவிடும் என்றார்.

அதன்பின் வீட்டில் நான் திருடியானேன். அப்பா பெட்டிக்கடையில் போய் என் மகளுக்கு எதையும் விற்காதே என்று சொல்லி வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். "எவன்கிட்ட வாங்கித் துன்ன, சொல்லு" என்று ஒருநாள் கை ஓங்கினார். அடி விழவில்லை. விழுந்திருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவர் ஓங்கிய கையை அப்படியே தன் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா என் பக்கம் பேசவில்லை. மோரைக் கலக்கி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். யாருமே நம்பாத வீட்டில் அந்த மோர் ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்திருந்தாள். அக்காவும் தங்கையும் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து அவரவர் உடம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த பாதத்துக்கு அம்மா விளக்கெண்ணெய் தடவி முடித்திருந்தாள். என் மோரை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தி மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"நாள் பூரா மைதா பெசஞ்சி பெசஞ்சி கையே வுட்டுப்போச்சிக்கா."

"மைதாவா? பெருங்காயக் கம்பெனில மைதா எதுக்குடி?"

"பின்ன, வெறும் பெருங்காயத்தையா கட்டி போடுவாங்க? அது என்னா வெல விக்குது. மூட்டை மூட்டையா மைதா கொட்டி, கோந்து ஊத்தி, அப்புறம்தான் அது. நான் குடுத்தனே, அதெல்லாம் என் கையால பெசஞ்சதுக்கா."

கடைசியாகச் சொன்னதில் அவளுக்குப் பெருமை இருந்தது.

நான் டம்ளருக்குக் கை நீட்டினேன். அம்மா கொடுக்கவில்லை. தன் கையிலிருந்த டம்ளரையே பார்த்தாள். இன்னா அக்கா, குடு புள்ளைக்கு என்றாள் சித்தி. அம்மா டம்ளரைத் தூக்கி, என் மோரை ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டாள். வெயில்ல வந்தது நாக்கு வறண்டுபோச்சி என்றாள். எனக்கு அழுகை முட்டியது. அப்பா நம்பவில்லை, டாக்டரம்மா நம்பவில்லை. இப்போது அம்மாவும் என் மோரைப் பிடுங்கிக் குடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து மோர் இல்லை. ஏன் என்று கேட்டால் தயிர் இல்லை என்பாள். அப்பாவிடம் என்ன சொன்னாளோ, அவர் வாய் மோந்து பார்ப்பதை விட்டார். ஒருநாள் வேலையிலிருந்து வரும்போது பொட்டலத்தில் கடலை மிட்டாய் வாங்கி வந்து, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வீட்டு ரசத்தில் பெருங்காயம் நின்றது. வயிறு மெல்ல வற்றியது.

சித்திக்கு ஒரே சந்தோஷம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இவ வயித்த நான்தான் சரி பண்ணேன், என் பெருங்காயம்தான் என்று சொன்னாள். ஆமாண்டி, உன் பெருங்காயம்தான் என்பாள் அம்மா. எனக்குள் பொய் என்று கத்த வேண்டும்போல இருக்கும். அதற்குள் இரண்டும் இரண்டும் நாலு என்று போட்டுப் பார்க்க எனக்கும் தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் விரல் என் தொடையைக் கிள்ளும். வியாதி வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கிள்ளுகிறாள் என்று நினைத்தேன்.

என் வியாதி ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்தது. கட்டிக்கொண்டவருக்கும் சொல்லித்தான் கட்டினோம். சித்திக்கும் தெரியும். ஆனால் பெருங்காயத்தில் இருந்தது என்ன செய்தது என்று மட்டும் அம்மா அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. தினமும் தன் கையால் கரைத்துக் கொடுத்த பாரம் தன் ஒருத்தியோடு போகட்டும், அதில் பாதியைத் தங்கை தலையில் ஏற்ற வேண்டாம் என்று அவள் முடிவு செய்தது, எனக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்கு நானே மருந்து ஊற்றத் தொடங்கியபின்தான் புரிந்தது.

சித்தி அந்தக் கம்பெனியில் இருந்த வரைக்கும் கட்டி வந்துகொண்டேதான் இருந்தது. அம்மா ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். மறுநாள் அளத்துக்குப் போகிற வழியில் வாய்க்கால் ஓரம் நின்று, காகிதத்தைப் பிரித்து, அதைத் தண்ணீரில் போடுவாள். தூக்கிப் போட்றதுக்கு ஏம்மா வாங்குற, சித்திகிட்ட சொல்லிட வேண்டியதுதான என்று ஒருமுறை கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே, உனக்கு ஒண்ணும் தெரியாது, நட என்றாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் பின்னால் வரப்பில் நடந்தேன்.