செருப்பை ஆட்டிய கதாநாயகி

செத்தவீடு முடிந்து கொஞ்ச நாளில், வீடியோப் பிடித்த பெடியன் வீட்டுக்கு வந்தான். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்புவதற்காக என் மனுசனின் கடைசிப் பயணத்தை வெட்டி ஒட்டி வைத்திருந்தான். தொடக்கத்தில் அவருடைய பழைய படங்கள் ஒவ்வொன்றாக வருமாம். அதற்குப் பின்னால் ஒரு பாட்டு ஓட வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் இப்போது இதுதான் வழக்கம், செத்தவருக்கும் ஒரு பாட்டு வேண்டும்.

“என்ன பாட்டுப் போடுறது அன்ரி? மாதா பாட்டு ஒண்டு போடட்டோ?”

நான் பாட்டைச் சொன்னேன். பெடியன் என் மகளைப் பார்த்தான். மகள் என்னைப் பார்த்தாள்.

“அது காதல் பாட்டெல்லோ அன்ரி? டூயட்.”

“ஓம். தெரியும்.”

“அம்மா, உங்களுக்கென்ன விசரே?” என்றாள் மகள். “கனடாவிலை இருக்கிற சனம் பாத்திட்டுச் சிரிக்கப் போகுது.”

சிரிக்கிற சனம் சிரிக்கட்டும். அந்தப் பாட்டைத் தவிர வேறு எதையும் அவருக்குப் போட நான் விடுவதாக இல்லை. ஏன் என்று விளக்கிச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வயதுக்காரருக்குச் சினிமாப் பாட்டு வந்த விதம் வேறு. நாட்டில் சண்டை நடந்த காலம். கரண்ட் இல்லை, தியேட்டர் இல்லை, ரிவி இல்லை. பாட்டு மட்டும் றேடியோவில் கடல் தாண்டி வந்தது, படம் வரவில்லை. யார் பாடுகிறார், யாருக்குப் பாடுகிறார், மழையில் நின்றா, மரத்தில் சாய்ந்தா, ஒன்றும் தெரியாது. ஆளாளுக்கு மனதுக்குள் ஒரு காட்சியைப் பிடித்து வைத்துக்கொண்டோம். என் சிநேகிதி ஒருத்தி ஒரு பாட்டைத் தாலாட்டு என்றே நினைத்து, தன் மகனை ஏணையில் போட்டு அதைத்தான் பாடி நித்திரையாக்கினாள். சண்டை முடிந்து படத்தைப் பார்த்தால், கதாநாயகன் குடித்துவிட்டு மதிலில் சாய்ந்து நின்று பெண் குலத்தையே திட்டுகிற பாட்டு அது. “அதுதான் என்ரை பிள்ளை இப்பிடி வந்து நிக்குது!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். எனக்கும் அப்படி ஒன்று காத்திருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

என் மனுசன் எழுவைதீவு. நான் ஊர்காவற்றுறை. இரண்டும் பக்கத்துப் பக்கம்தான், ஆனால் நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டது இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பக்கம் போன பிறகு. கலியாணம் கட்டிய புதிதில் ஒரு பெரிய வீட்டு விறாந்தையைச் சாக்கால் மறித்து இருந்தோம், மாமியும் எங்களோடுதான். மாமியின் தலைமாட்டில் ஒரு படம் எப்போதும் இருக்கும். என் மனுசனின் அக்கா. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில் காணாமல் போனவ. அந்தப் படத்துக்கு மாலை போட மாமி சாகும்வரை விடவில்லை, செத்தவர்களுக்காகக் கோயிலில் வைக்கிற பூசைக்குப் பெயர் கொடுக்கவும் விடவில்லை. வருவா என்றே இருந்தா. வீட்டில் அதைப்பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நானும் கேட்டதில்லை.

றேடியோவுக்குப் பற்றரி கிடைக்காத காலம் அது. பின்னேரங்களில் அவர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் றேடியோ பாடும். கை நின்றால் பாட்டும் நின்றுவிடும். அப்படி ஒரு பின்னேரம்தான் அந்தப் பாட்டு வந்தது. பெண்குரலில் தொடங்கி, நடுவில் ஒரு புல்லாங்குழல் வந்து, பிறகு ஆண்குரல் சேர்கிற மெதுவான பாட்டு.

“இந்தப் படம் நான் பாத்தனான்,” என்றார்.

“எங்கை?”

“கொழும்பிலை. வள்ளத்து மிசினுக்குச் சாமான் எடுக்கப் போகேக்கை.”

“அப்ப சொல்லுங்கோவன், என்ன காட்சி எண்டு!”

சுற்றிக்கொண்டே சொன்னார். ஒரு ஜெற்றி, வள்ளம் கட்டுகிற துறை. அவன் வள்ளத்தில் நிற்கிறான், வள்ளம் வெளிக்கிட்டுவிட்டது. அவள் ஜெற்றியில். நீலச் சீலை. ஓடி வந்ததில் செருப்பு வார் அறுந்துபோய், ஒரு செருப்பு காலில், மற்றதைக் கையில் எடுத்துத் தலைக்கு மேலே ஆட்டுகிறாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு போகிறான். அவள் வரவரச் சின்னனாகிறாள்.

அந்த இடத்தில் அவர் கை நின்றது. பாட்டும் நின்றது.

“ஏன் நிப்பாட்டினீங்கள்?”

“கை உளையுது.”

“வள்ளம் திரும்பி வந்ததோ? அவள் ஏறினவளோ?”

“பாட்டு அதோடை முடிஞ்சிடும்.”

“எங்கை முடிஞ்சது? நீங்களெல்லோ நிப்பாட்டினது!” என்று சண்டை பிடித்தேன். அவர் சைக்கிளை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு அந்தக் காட்சியில் பைத்தியம். கதாநாயகி என்றால் கைக்குட்டையை ஆட்டுவாள், தாவணியை ஆட்டுவாள். செருப்பை ஆட்டுகிறவளை யார் கண்டது? பிறகு பிள்ளைகளும் பிறந்து வளர்ந்து, “அப்பா, அந்தச் செருப்புக்காரியின்ரை கதையைச் சொல்லுங்கோ” என்று அவரைச் சுற்றி நிற்பார்கள். சொல்வார். ஒவ்வொரு முறையும் அதே நீலச் சீலை, அதே செருப்பு, அதே இடத்தில் முடிவு. “ஏறினவளோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ முதல்” என்று நான் குசினிக்குள் இருந்து கத்துவேன். “பாட்டு அதோடை முடிஞ்சிடும்” என்பார். படத்தின் பெயர் மறந்துபோச்சு என்பார்.

அந்த நீலச் சீலைக்காரிக்கு நான் என் முகத்தைத்தான் வைத்திருந்தேன். வேறு யாருடையதை வைப்பேன்? என் மனுசன் எனக்குச் சொன்ன காட்சி. ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்து நாலு காசு கையில் புழங்கத் தொடங்கிய காலத்தில் நீலச் சீலை ஒன்று வாங்கி, உடுத்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றேன். பார்த்தார். முகம் கழுவ வேண்டும் என்று கிணற்றடிக்குப் போய்விட்டார். மனுசனுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

சலரோகம் என்கிற நீரிழிவு அவருடைய சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. கடலுக்குப் போவது நின்றது. கிழமைக்குக் கிழமை, ஒரு வாரமும் தவறாமல், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தப்படுத்தி வரவேண்டும். அந்த நேரத்தில்தான் மகள், அப்பாவைச் சந்தோசப்படுத்துகிறேன் என்று, போனில் தேடோ தேடென்று தேடி அந்தப் பாட்டைப் படத்தோடு பிடித்துவிட்டாள். ஓடாத படமாம், யாரோ இப்போதுதான் ஏற்றியிருக்கிறார்களாம்.

“அப்பா, உங்கடை செருப்புக்காரி வந்திட்டாள்!” என்று ரிவியில் போட்டாள்.

“நிப்பாட்டு பிள்ளை. தலையிடிக்குது,” என்றார்.

“நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடவுங்கோ, நான் பாக்கவேணும்,” என்று நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தேன். முப்பது வருசத்து ஆசை.

கதாநாயகி ஒரு குசினிக்குள் நின்று கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறாள். புல்லாங்குழல் வந்ததும் கனவு காண்கிறாள். கனவில் கதாநாயகன் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பூங்காவில் தண்ணீர் பீச்சுகிற தொட்டியைச் சுற்றி ஓடி வருகிறான். பின்னால் ஒரு கூட்டம் பெண்கள் கூடையோடு ஆடுகிறார்கள். கடைசியில் விரலை வெட்டிக்கொண்டு விழித்துப் பார்க்கிறாள், அடுப்பில் சோறு கரிந்துபோயிருக்கிறது. கடலும் இல்லை, வள்ளமும் இல்லை, செருப்பும் இல்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு என் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படியென்றால் அந்த நீலச் சீலைக்காரி யார்?

ஒரு மனுசன் இல்லாத படத்தைச் சொல்லலாம். இல்லாத செருப்பைச் சொல்வானா? அறுந்த வாரை யார் யோசித்துச் சொல்வார்? அவளை அவர் கண்டிருக்கிறார், கண்ணால் கண்டிருக்கிறார். எழுவைதீவில் ஒரு பழைய காதலி, வேறென்ன? அவளுக்குத்தான் நான் இவ்வளவு காலமும் என் முகத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு எரிந்த எரிவு கொஞ்சமல்ல. சமைத்தேன், மருந்து கொடுத்தேன், கதைக்கவில்லை. கோப்பையை நான் மேசையில் வைக்கிற சத்தத்திலேயே அவருக்கு விளங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியால் திரும்பி வருகிற ஒரு நாள், மினிபஸ்ஸில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அல்லைப்பிட்டி தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவள் ஆர்?”

வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“இஞ்சாருங்கோ, உங்களைத்தான். நான் சண்டை பிடிக்கமாட்டன். செருப்புக்காரி ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“அக்கா,” என்றார்.

பஸ்ஸுக்குள் யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின் சீற்றில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மண்கும்பான் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். “சண்டை தீவுக்கு வந்திட்டுது. எங்கடை வள்ளம் நிறைஞ்சிட்டுது, பிள்ளையளும் வயசு போனதுகளும். ‘நீ இதுகளைக் கொண்டுபோய் இறக்கிப்போட்டு வா, நான் நிக்கிறன்’ எண்டு அக்கா சொன்னவ. அடுத்த தரம் வந்து ஏத்துறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். நான் பாக்கிற வரைக்கும் செருப்பை ஆட்டிக்கொண்டு நிண்டவ. பிறகு போகேலாமல் போச்சுது. கடலுக்கை இறங்கவே விடேல்லை, சுடத் துவங்கிட்டாங்கள்.”

“அந்தப் பாட்டு?”

“அவ அந்தக் கிழமை முழுக்கப் படிச்சுக்கொண்டு திரிஞ்ச பாட்டு.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “நீங்கள் ஒரு மனுசனே? இத்தனை வருசமா எனக்குப் படமெண்டு சொன்னீங்களே! பிள்ளையளை வைச்சுச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீங்களே! நான் சீலை உடுத்துக்கொண்டு வந்து நிண்டனான், அப்பவாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதே?” பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“படமெண்டால் சொல்லலாம்,” என்றார். “வீட்டிலை ஒருத்தரும் அவவைப் பற்றிக் கேக்கிறேல்லை. அம்மாவும் கேக்கேல்லை. நீர் மட்டும்தான் ஒவ்வொருக்காவும் கேட்டனீர், ஏறினவளோ எண்டு.”

ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்த அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் தன் கையால் எத்தனை தடவை அந்தப் பெடலை நிறுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வீடு வரும்வரை அந்தக் கையைத் தடவிக்கொண்டு வந்தேன்.

பிறகு அவர் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் ஏலாது என்று வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு மத்தியானம், மகள் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போயிருந்தாள். நான் கட்டிலில் இருந்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். கண் மூடியிருந்தது. வாய் அந்தப் பாட்டை முணுமுணுத்தது. புல்லாங்குழல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை.

“இஞ்சாருங்கோ. நான் அந்தப் படத்தைப் பாத்தனான்,” என்றேன்.

கண்ணைத் திறந்தார்.

“மகள் அண்டைக்குப் போட்டது வேறை படம். இதுதான் சரியான படம். ஜெற்றி இருக்கு. நீலச் சீலை இருக்கு.”

“செருப்பு?”

“அதுவும் இருக்கு. கையிலை வைச்சு ஆட்டுறா.”

கனநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அந்த வீட்டில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பிறகு, காலம் முழுக்க நான் கேட்ட கேள்வியை அவர் என்னிடம் கேட்டார்.

“ஏறினவவோ?”

“ஏறினவ. அவன் திரும்பி வந்தவன். அவ அந்த இடத்திலேயே நிண்டவ. கையைப் பிடிச்சு ஏத்தினவன். பாட்டு முடியேக்கை ரெண்டு பேரும் வள்ளத்திலைதான் இருந்தவை.”

அவர் கண் ஓரத்தால் தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

“நல்ல படம்,” என்றார்.

அந்தக் கிழமை முடிய முன்னம் போய்விட்டார்.

வீடியோப் பெடியனுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து, மாமியின் தலைமாட்டில் இருந்த அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்து, இதையும் அவருடைய படங்களோடு போடச் சொன்னேன்.

“இவ ஆர் அன்ரி?”

“அவரின்ரை அக்கா. பாட்டு இவவுக்கு.”

மகள் படத்தை வாங்கித் தூசு துடைத்துக் கொடுத்தாள். பெடியன் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

“பாட்டு கொஞ்சம் நீளம் அன்ரி. அந்தப் புல்லாங்குழல் வாற இடத்தோடை வெட்டி விடட்டோ?”

“ஐயோ தம்பி, வேண்டாம். அந்த இடத்திலை மட்டும் நிப்பாட்டிப் போடாதையும். கடைசிமட்டும் ஓடட்டும்.”