காய்ந்த கரண்டு

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னத்துரை வைத்திருந்த பேட்டரி சார்ஜ் கடையில் 'இங்கே பீடி குடிக்கக் கூடாது' என்று ஒரு பலகை தொங்கியது. அந்தப் பலகையை மதித்த ஒரே ஆள் சின்னத்துரைதான். பேட்டரியில் கரண்டு ஏறும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் குமிழ் விடும், குமிழுக்குள் இருப்பது ஹைட்ரஜன், பொறி பட்டால் கூரையோடு போகவேண்டியதுதான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். அவர்கள் வாயில் இருக்கிற பீடியை எடுக்காமலே தலையாட்டுவார்கள். பதினொரு வருஷமாகக் கடை வெடிக்காததால் அவர் பேச்சுக்கு மரியாதை இல்லை.

பிழைப்பு மலையிலிருந்து வந்தது. மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த முதலாளிகள் வீட்டில் ரேடியோ இருந்தது, கரண்டு இல்லை. பேட்டரி தீர்ந்ததும் ஜீப்பில் கீழே வரும். சின்னத்துரை அதற்கு உயிரேற்றி மேலே அனுப்புவார். "மலையில ஒருத்தன் பாட்டுக் கேக்குறான்னா அது என் தயவு" என்று சொல்லிக்கொள்வார். அதில் பொய்யும் இல்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாசம், போடிமெட்டுப் பாதையில் மின்கம்பம் நட ஆரம்பித்தார்கள்.

"கம்பி மேல போயிருச்சுன்னா பேட்டரி எதுக்குக் கீழ எறங்குது?" என்றாள் அவர் மனைவி ரெபேக்காள். "பேசாம வயரிங் சோலியக் கத்துக்கிருங்க. வீடு வீடா வேல இருக்கும்."

"ஏணியில ஏறி ஆணி அடிக்கிற சோலி எனக்கெதுக்கு?" என்று எரிந்து விழுந்தார் சின்னத்துரை. அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அத்தனை கோபம். கடை போய்விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அதே வாரம் பேப்பரில் கையகலச் செய்தி ஒன்று வந்தது. சீமையில் ஒரு எஞ்சினியர் நிக்கல் தகடுகளுக்கு நடுவே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேரவிட்டுக் கரண்டு எடுத்துவிட்டாராம். அதில் வெல்டிங் மிஷினே ஓடியதாம். புகை இல்லை, இரைச்சல் இல்லை, மிச்சம் விழுந்தது வெறும் தண்ணீராம். சின்னத்துரை அதை நாலு தடவை படித்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பதினொரு வருஷ ஹைட்ரஜன் அந்த ஓட்டு இடுக்கு வழியாகச் சும்மா போயிருக்கிறதே என்று வயிறெரிந்தது.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. கரண்டைக் கொடுத்தால் தண்ணீர் வாயுவாகிறது. வாயுவைச் சேர்த்தால் கரண்டு திரும்ப வருகிறது. வாயுவை உருளையில் அடைத்து மலையேற்றிவிட்டால் கம்பம் எதற்கு, கம்பி எதற்கு?

நிக்கல் தகட்டுக்கு எங்கே போவது? சர்க்காரே அடித்துக் கொடுத்திருந்தது. அன்றைய அரை ரூபாய்க் காசு சுத்த நிக்கல். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குப் படைக்க ரெபேக்காள் டப்பாவில் சேர்த்திருந்த இருபத்துநாலு அரை ரூபாயையும் எடுத்து, சோப்புக் காய்ச்சுகிறவரிடம் வாங்கிய காரத்தைக் கரைத்து, பன்னிரண்டு கண்ணாடி டம்ளரில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டார்.

"காசைத் தண்ணியில போட்டவுகளக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் ரெபேக்காள். "இப்பத்தான் கண்ணால பாக்குறேன்."

அரை மணி நேரம் கரண்டு கொடுத்துவிட்டு, அந்த வயரைக் கழற்றி டார்ச் பல்பில் வைத்தார். பல்பு எரிந்தது. மஞ்சளாக, சோகையாக, இரண்டு நிமிஷம். சின்னத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி வேண்டியது பெரிய கை. ஏலக்காய் வியாபாரி மொக்கச்சாமிக்கு மலையில் நூறு ஏக்கர் காடும், காய் உலர்த்துகிற ஸ்டோரும் இருந்தன. அவரைக் கடைக்கே கூட்டிவந்து பல்பை எரிய வைத்துக் காட்டினார் சின்னத்துரை. மொக்கச்சாமி பல்பைவிட டம்ளர்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"எம்புட்டு உள்ள போகுது, எம்புட்டு வெளிய வருது?"

சின்னத்துரைக்குப் பொய் வராது. "அஞ்சு பங்கு போட்டா ஒரு பங்கு வருதுண்ணே" என்றார். அத்தோடு ஆள் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தார்.

மொக்கச்சாமி முகம் மலர்ந்தது. "அட, நம்ம காய் மாதிரியில்ல இருக்கு. பச்சக்காய் அஞ்சு மூட போட்டா காஞ்சது ஒரு மூட. காய வச்சா எட கொறையத்தான செய்யும்? பச்சயில என்ன இருக்கு அப்பு, ரெண்டு நாள்ல அழுகிப் போகும். காஞ்சதுக்குத்தான் வெல. அப்ப நீ செய்யிறது காஞ்ச கரண்டு."

அது அப்படியில்லை என்று சொல்லச் சின்னத்துரை வாயைத் திறந்தார். ஆனால் எடுத்துவைத்து வேண்டும்போது செலவழிக்கலாம், மலைக்குச் சுமந்து போகலாம் என்று பார்த்தால் அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதுபோலப் பட்டது. அதற்குள் மொக்கச்சாமி தோள் துண்டை எடுத்துக் கைகளை மூடியிருந்தார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதுதான் ஏலக்காய் வியாபாரம். ஒரு விரலைப் பிடித்தார். தயாரானதும் முதல் சரக்கு அவருக்கு, வேறு யாருக்கும் கிடையாது, பேச்சு முடிந்தது.

மறுவாரம் மின்சார இலாகாவிலிருந்து எஸ்டேட் எஸ்டேட்டாகக் கம்பி இழுக்கக் கையெழுத்து வாங்க ஆள் வந்தபோது, மொக்கச்சாமி மட்டும் மாட்டேன் என்றார்.

"பச்சக் கரண்டெல்லாம் மத்தவுகளுக்குக் குடுங்க. நமக்கு வேற ஏற்பாடு இருக்கு."

ஐப்பசியில் மலையில் விளக்கு எரிந்தது. சின்னத்துரை கடைக்கு வந்துகொண்டிருந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. மொக்கச்சாமியின் ஜீப்பு மட்டும் நிற்கவில்லை. காஞ்ச கரண்டு வரும்வரைக்கும் சமாளிக்கட்டும் என்று ரேடியோவோடு ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் சேர்த்துப் பதினாலு பேட்டரி வாங்கிவிட்டார். கடை முன்னைவிட ஜோராக நடந்தது. கம்பியை ஒழிக்கக் கண்டுபிடித்த கருவி ஓடாததால் கடை ஓடியது.

கருவி ஓடவில்லைதான். டம்ளரைப் பெரிதாக்கினால் வாயு கசிந்தது. காசு கறுத்துப் போயிற்று. உருளையில் அடைக்கப் போனதில் ஒரு ஜாடி வெடித்து, பீடிப் பலகைக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது. இந்த வாயுவைப் போடியில் அடைத்து மலைக்கு ஏற்ற தன்னால் ஆகாது என்று கார்த்திகைக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஜீப்பிலிருந்து இறங்கும்போதெல்லாம் மொக்கச்சாமி "எப்படி, காயுதா?" என்று கேட்பார். பொய் வராத சின்னத்துரை, "காயுதுண்ணே" என்பார்.

ஒரு நாள் ஜீப்பு டிரைவர் வராததால் பேட்டரியைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவரே மலையேற வேண்டியிருந்தது. பொழுது சாயும் நேரம். எதிர்ச் சரிவு முழுக்க விளக்கு. மொக்கச்சாமி காட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. பதினாலு பேட்டரியில் ஒன்றுகூட அங்கே போகவில்லை. அரிக்கேன் விளக்கடியில் ஐந்தாறு பெண்கள் குனிந்து தரம் பார்த்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சுருளியம்மாள் என்பவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, காஞ்ச கரண்டு செய்யிறது நீங்கதானாமே. மொதலாளி சொன்னாக. எப்ப வரும்ணே? கண்ணு ரெண்டும் பொகையில அவிஞ்சு போச்சு."

சின்னத்துரை வாழ்க்கையில் அத்தனை வெட்கப்பட்டதில்லை. பேட்டரியை வைத்துவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டார்.

மறுநாள் சின்னத்துரை மொக்கச்சாமியின் ஏலக்காய்க் கடைக்குப் போய், "அண்ணே, என்னால ஆகாது. கம்பிக்குக் கையெழுத்துப் போட்டுருங்க" என்றார்.

மொக்கச்சாமி துண்டை எடுத்துப் போர்த்தி, இரண்டு விரலைப் பிடித்தார்.

"வெல பேச வரலண்ணே. நெசமாவே ஆகாது."

மூன்றாவது விரலும் சேர்ந்தது. விற்கிறவன் சரக்கு இல்லை என்றால் விலை ஏறுகிறது என்று அர்த்தம். முப்பது வருஷ வியாபாரத்தில் மொக்கச்சாமி கண்டது அது. சின்னத்துரை கையை உருவிக்கொண்டார்.

"அப்ப இனிமே உங்க பேட்டரிக்கும் சார்ஜ் போட மாட்டேன்."

சொன்ன பிறகுதான் தன் கடையைத் தானே பூட்டிவிட்டது உறைத்தது. மொக்கச்சாமிக்கோ விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. "எவனுக்கோ வித்துப்புட்டான்யா. கம்பம் ஊர் வியாபாரியாத்தான் இருக்கும்" என்று ஊரெல்லாம் சொன்னார். சின்னத்துரைக்குப் புத்தி வரட்டும் என்ற ஆத்திரத்திலேயே காடு முழுக்க, லயத்துக்கும் சேர்த்து, கம்பிக்குக் கையெழுத்துப் போட்டார்.

சின்னத்துரை ஒரு கண்ட்ராக்டரிடம் சேர்ந்து, ஏணியில் ஏறி ஆணி அடிக்கிற சோலியைக் கற்றுக்கொண்டார். ரெபேக்காள் கறுத்த காசுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து டப்பாவில் திரும்பப் போட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் மொக்கச்சாமி காட்டு லயத்துக்கு வயரிங் செய்ய அவரே போகும்படி ஆயிற்று. காய் பொறுக்கும் இடத்தில் பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டார். பெண்கள் எல்லாரும் கையிலிருந்த காயைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"அண்ணே, இது காஞ்சதா, பச்சயா?" என்று கேட்டாள் சுருளியம்மாள்.

"பச்சதான் தங்கச்சி" என்றார் சின்னத்துரை, ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே.

அவள் கீழே போட்ட காய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பச்சையே இம்புட்டு வெளிச்சம்" என்றாள் ஏக்கத்தோடு. "காஞ்சதுன்னா எப்படி இருந்திருக்கும். நமக்குக் குடுத்து வைக்கல."