பலா நிழலில் வல்லாரை

செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்காலில் ஜில்லென்று ஏறும் எங்கள் அடுக்களைப் புறவாசல் மண். பலாவும் அயனி மரமும் மேலே கூடி நிற்க, சித்திரையில்கூட அங்கே வெயில் காசளவுக்குத்தான் விழும். அந்த நிழலில் புல்கூட முளைக்காது. முளைத்தாலும் அம்மா விட மாட்டாள். விடியுமுன் "வாரியலை" எடுத்து, சருகோடு மேல்மண்ணையும் சேர்த்து வாரி, தரையை மொட்டையாக்கி வைப்பதுதான் அவளுக்கு வீட்டின் மானம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். முற்றத்தில் பச்சை தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணைச் சோம்பேறி என்பார்கள்.

அந்தச் சுத்தம்தான் எங்களைச் சண்டையில் கொண்டுபோய் விட்டது. எங்கள் வீடு தக்கலைக்கு மேற்கே ஒரு மேட்டில் இருந்தது. கீழ்வீடு என்னோடு ஒரே பெஞ்சில் படித்த ஸ்டெல்லாவுடையது. மழை பெய்தால் எங்கள் செம்மண் முழுதும் இடிந்த "கையாலை" வழியே, அதாவது எல்லை மண்சுவர் வழியே இறங்கி, அவர்கள் கிணற்றைக் கலக்கிவிடும். ஓர் ஐப்பசி மழையில் ஸ்டெல்லாவின் அம்மா கலங்கிய வாளியைத் தூக்கிக் காட்டி, "உங்க முற்றத்தத் தூத்து வாருங்க, வேண்டாங்கல. எங்க கிணத்துக்குள்ள எதுக்குத் தள்ளுதிய?" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்குச் சுருக்கென்று பட்டது. அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. "ஏட்டி, இனி கீழ வீட்டுப் பக்கம் போனா கால ஒடிப்பேன்" என்று எனக்கும் உத்தரவு. ஸ்டெல்லா இல்லாத சாயங்காலங்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழி கிடைத்தது அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் கல்லோரத்தில். அங்கே வல்லாரை படர்ந்திருந்த இடத்தில் மட்டும் மண் நகரவே இல்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு அது தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பள்ளியில் பேசிவைத்தபடி, அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஸ்டெல்லா கையாலைக்கு மேலே கொடிகளை நீட்ட, நான் வாங்கிப் பலா வேர்களுக்கிடையே நட்டேன். மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. அம்மா குப்பையோடு குப்பையாக வாரிவிட்டிருந்தாள். மறுபடி வாங்கி நட்டு, சுற்றிலும் தென்னை மட்டைகளை அடுக்கி, அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"முற்றத்துல காடு வளக்கியா? பாம்பு கெடந்தா ஆருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா.

"இது தரையோட ஒட்டித்தான் கெடக்கும்மா. பாம்பு வந்தா முதுகு தெரியாமலா போவும்?"

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. முற்றத்தை மொட்டையாக வைப்பதே பாம்புக்கு அஞ்சித்தான். கொஞ்ச நேரம் என்னையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனி மழ வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு பாம்பக் கண்டேன்னா வேரோட பறிச்சிருவேன், கேட்டியா."

அந்த மாதங்களில் நான் படாத பாடு பட்டேன். வாரியல் படக் கூடாதென்று பலாச் சருகைக் கையால் பொறுக்கினேன். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். கிளறவந்த கோழிகளை விரட்டினேன். வெயிலே கேட்காத கொடி அது. முதலில் சோர்ந்து கிடந்து, பிறகு திடீரென்று நாலாபக்கமும் ஓட ஆரம்பித்து, பங்குனிக்குள் பலா வேர்களையெல்லாம் மூடிவிட்டது. பாம்பும் வரவில்லை, அதற்காக ஆண்டவனுக்குத் தனியாக நன்றி சொன்னேன்.

ஆனியில் மழை இடித்துப் பெய்தது. அம்மா அடுக்களை வாசலில் நிற்க, அவள் பின்னால் நின்று பார்த்தேன். தண்ணீர் இலைகளுக்கிடையே நெளிந்து நெளிந்து, மண்ணை அள்ளாமல், தெளிவாகக் கீழே இறங்கியது. மழை விட்டதும் ஸ்டெல்லாவின் அம்மா நீர் இறைத்து, வாளிக்குள் எட்டிப் பார்த்து, மேலே நிமிர்ந்தார். "கலங்கல, கேட்டியளா" என்றார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அம்மா அவரிடம் வாய் திறந்தாள்: "எனக்க மவ நட்டது." எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கையாலையைத் தாண்டிக் குதித்து ஸ்டெல்லாவிடம் ஓடினேன், அம்மா தடுக்கவில்லை.

அதெல்லாம் நடந்து வருஷங்கள் பல ஓடிவிட்டன. ஸ்டெல்லா குடும்பம் நாகர்கோவிலுக்குப் போய்விட்டது. அந்தக் கிணற்றை மூடிவிட்டார்கள்; கையாலை இருந்த இடத்தில் மதில் நிற்கிறது. ஊரில் மண்முற்றமே அருகிப்போய், எங்கு பார்த்தாலும் இன்டர்லாக் கல். கீழ்வீட்டை வாங்கியவரும் முற்றம் முழுக்கப் பதித்தார். போன மழையில் அவர் வீட்டுத் தண்ணீர் அதற்கும் கீழே உள்ள வீட்டுக்குள் புகுந்து பெரிய சண்டை. தயங்கித் தயங்கி எங்களிடம் வந்து, கொஞ்சம் வல்லாரை தர முடியுமா என்று கேட்டார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல்ல அந்தக் கல்ல எளக்கிப் போடுங்க. பெறவு கொடி தாறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே கடப்பாரைச் சத்தம் கேட்டது. முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் அம்மா குனிந்து, கூடை நிறையக் கொடி பிரித்துக்கொண்டிருந்தாள்.