ஏழுமலை வீட்டு வாசல் பாயிண்டு

போன வாரம் மீஞ்சூருக்கு மிக்ஸி வாங்கப் போனேன். வீட்டிலிருக்கிற பழசு, தேங்காயைப் போட்டால் தேங்காயாகவே திருப்பிக் கொடுக்கிறது என்று மூன்று மாதமாக எனக்கு அர்ச்சனை. கடையில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைக்காரர் வரிசையாக இருந்த பத்துப் பன்னிரண்டில் ஒன்றை மட்டும் தடவிக் கொடுத்து, "இதான் சார் இப்போ மூவிங்கு" என்றார். நன்றாக அரைக்குமா என்று கேட்டேன். "எல்லாரும் இதத்தான் சார் வாங்கிகினு போறாங்க" என்றார். நான் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் அவர் முகத்தில் பதில் சொல்லி முடித்த திருப்தி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெட்டியைப் பிரித்தால் தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை. அந்த வாசனையில் ஆறு வருஷம் சோறு தின்றவன் நான். பழவேற்காடு பஜாரில் ஒரு பாய் கடையில் விற்பனைக்கு நின்றேன். டார்ச், ரேடியோ, சுவர்க் கடிகாரம், பேட்டரி என்று கைக்கு அடக்கமான சாமான்கள். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை கடையில் ஏன் நின்றாய் என்று கேட்பீர்கள். படகில் காலை வைத்ததும் வாந்தி எடுப்பேன், அதுதான் காரணம். மூன்று தடவை கூட்டிப்போய்ப் பார்த்த நைனா, நாலாவது தடவை கடலுக்குப் பதிலாக பாய் கடை வாசலில் கொண்டுவந்து விட்டார். மீனுக்கு இரை போடத்தான் இவன் லாயக்கு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். கேமராவில் பேட்டரி தீர்ந்து திரும்பி வந்து எங்களிடம் நிற்பார்கள். செத்து முந்நூறு வருஷமாகியும் நமக்குக் கிராக்கி அனுப்புகிறான் பார் என்று பாய் மகிழ்ந்துபோவார். அவருக்கு டச்சுக்காரர் மேல் தனி மரியாதை. அந்தக் காலத்தில் இங்கிருந்து கட்டம் போட்ட துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்களே, கட்டம் என்ன கோடு போட்டதைவிட ஒசத்தியா என்று கேட்பார். எவனோ ஒருத்தன் கழுத்தில் கட்டியிருப்பான், அவன் கொஞ்சம் பணக்காரனாக இருந்திருப்பான், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வயிறு எரிந்திருக்கும், அவ்வளவுதான் வியாபாரம் என்பார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இதையெல்லாம் கேட்டால் ரத்தம் கொதிக்கும். நல்ல சாமான்தான் விற்கும், விற்கவில்லை என்றால் எடுத்துச் சொல்லாதது நம் தப்பு என்று அவரோடு மல்லுக்கு நிற்பேன். பாய் பீடாவை மெல்லுவார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் ஜி.பி.எஸ். வந்தது. கடலில் எங்கே நிற்கிறோம், கரை எந்தப் பக்கம் என்று காட்டுகிற உள்ளங்கையளவு மிஷின். அதுவரை லைட் ஹவுசையும் ஒரு பனைமரத்தையும் கண்ணால் நேர்கோட்டில் பிடித்துத்தான் வழி கண்டுபிடிப்பார்கள். பாய் இரண்டு ஜாதி இறக்கினார். ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல். சாம்பலுக்குத் திரை பெரிசு, பேட்டரி கூடுதலாக நிற்கும், தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். மஞ்சள் விழுந்தால் விழுந்ததுதான். இரண்டு பெட்டியிலும் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவன் ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. வந்தவர் போனவரிடமெல்லாம் சாம்பலின் புகழ் பாடினேன். ஒரு மனுஷர் வாங்கவில்லை.

காரணம் ஏழுமலை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த மீனவக் குப்பத்தில் ஒருத்தர். முதல் ஆளாக மஞ்சளை வாங்கினார். இரண்டாம் நாள் படகு கொள்ளாத வஞ்சிரத்தோடு கரையேறினார். சாயங்காலத்துக்குள் மஞ்ச மிஷினு மீனைக் காட்டுது என்று பழவேற்காடு ஏரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு. நடந்தது எனக்குத் தெரியும். நடுக்கடலில் அவர் இன்ஜின் நின்றுபோய், இரண்டு மணிநேரம் தண்ணீர் இழுத்த பக்கமெல்லாம் போய், தற்செயலாக மீன் கூட்டத்தின் தலைமேல் போய் நின்றிருக்கிறார். மிஷின் அப்போது லுங்கி மடிப்பில் செத்துக் கிடந்தது. பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருந்தார். மறுநாள் கடைக்கு வந்தபோது அதைத் திருப்பிப் போட்டவனே நான்தான். சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒரே மாதத்தில் குப்பத்தின் பதினெட்டுப் படகில் பதினேழு மஞ்சளாகிவிட்டது.

கூத்து அதோடு நிற்கவில்லை. மிஷினில் திரும்பி வரவேண்டிய இடத்தை ஒரு பாயிண்டாகப் போட்டு வைக்கவேண்டும். அதற்கு அடையாளமாகத் திரையில் சின்னதாக ஒரு வீட்டுப் படம் இருக்கும். ஏழுமலை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஓகோ வீட்டைக் கேட்கிறது போலிருக்கிறது என்று தன் வீட்டு வாசலில் நின்று பொத்தானை அமுக்கிவிட்டார். சரி, அவர் வீடு, அவர் பாயிண்டு. மற்றவர்கள் அவரவர் வீட்டு வாசலிலாவது அமுக்கவேண்டாமா? வஞ்சிரம் பிடித்தவரின் ராசியான பாயிண்டு அதுதானே! மஞ்சள் வாங்கின ஒவ்வொருத்தரும் வெற்றிலை பாக்கு சூடத்தோடு வந்து, ஏழுமலை வாசலில் கிழக்கே பார்த்து நின்று அமுக்கிவிட்டுப் போனார்கள். அவர் சம்சாரத்துக்குக் கோலம் போட இடமில்லை. வாசலில் ஆம்பிளைங்க கூட்டம், கேட்டா மிஷினுக்கு வூடு காட்டறாங்களாம் என்று என் அக்காவிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டாளாம்.

மிச்சமிருந்த பதினெட்டாவது ஆள் என் மாமா, அக்கா வீட்டுக்காரர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அக்காவை நச்சரித்து நச்சரித்து அவர் தலையில் சாம்பலைக் கட்டினேன். முகத்துவாரத்தின் நடுவில், அதாவது ஏரியும் கடலும் சேர்கிற வாய்க்கு நடுவில்தான் பாயிண்டு போடவேண்டும் என்று அவர் படகிலேயே ஏறிப் போனேன். போகும்போது இரண்டு தடவை, வரும்போது ஒரு தடவை வாந்தி. பொத்தானை அமுக்கும்போது மட்டும் நிமிர்ந்து நின்றேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாம்பக் கலரு எவனாச்சும் வாங்குவானா, எழவு வூட்டு மிஷினு மாதிரி கீது என்றார்கள். மாமா காதில் வாங்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் பனி இறங்கியது பாருங்கள், பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. காலை எட்டு மணியாகியும் விலகவில்லை. பதினெட்டுப் படகும் ஒன்றாகத்தான் திரும்பியிருக்கின்றன. தெளிவான நாளில் மிஷின் எதைக் காட்டினாலும் கண்ணால் முகத்துவாரத்தைப் பார்த்துத் திருப்பிக்கொள்வார்கள். அன்றைக்குக் கண்ணுக்கு வேலையில்லை. பதினேழு மஞ்சளும் ஏழுமலை வீட்டு வாசலை நேர்கோட்டில் காட்டின. அந்தக் கோடு முகத்துவாரத்துக்கு வடக்கே இருந்த மணல் திட்டின்மேல் போகிறது. மாமா மட்டும் தன் திரையைப் பார்த்துவிட்டு, தெற்கே திருப்புங்கள் என்று கத்தியிருக்கிறார். எழவு வீட்டு மிஷின் பேசுகிறது என்று பனிக்குள்ளிருந்து சிரிப்புத்தான் வந்ததாம். அவர் தனியாகத் திருப்பி, சுகமாக ஏரிக்குள் வந்துவிட்டார்.

மற்ற பதினேழும் வரிசையாகப் போய்த் திட்டில் ஏறின. முதல் படகு தட்டியதும் இரண்டாவதாவது நின்றதா? பதினேழு மிஷினும் ஒரே மாதிரி சொல்லும்போது தப்பாக இருக்குமா? இன்ஜின் விசிறிகள் உடைந்தன, வலைகளை அலை இழுத்துக்கொண்டு போனது. ஏழுமலையின் தம்பிக்கு முழங்கை பிசகியது. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார், யாரும் வரவில்லை என்றதும் கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். நாலு படகை அவர்தான் இழுத்து இறக்கினார். மிச்சப் படகுகள் தண்ணீர் ஏறியபின் தானாக இறங்கின.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடை லீவு. அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடுகிறது என்று கேள்விப்பட்டு வேகுவேகென்று போனேன். மாமாவுக்கு மாலை போடுவார்கள், சாம்பலுக்குப் பதினேழு ஆர்டர் கிடைக்கும், பாய் முகத்தில் கரியைப் பூசலாம் என்று கணக்கு. போய்ப் பார்த்தால் நடுவில் நிறுத்தி வைத்திருப்பது மாமாவை.

ஊரெல்லாம் ஒரு பக்கம் போகும்போது நீ ஏன் இன்னொரு பக்கம் திரும்பினாய் என்பதுதான் விசாரணை. திரும்பினதால்தானே பிழைத்தார், உங்களையும் இழுத்துவிட்டார் என்று நான் குறுக்கே பாய்ந்தேன். நீ யார், வெளியூர், உட்கார் என்றார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் கோபப்படாமல்தான் பேசினார்.

"உன் மிஷினு சரியா கீதுன்றியா? சரி. நாளைக்கு அது தப்பா போச்சுன்னு வெச்சிக்க. நீ எந்தப் பக்கம் போனன்னு நாங்க எங்கடா போயி தேடறது?"

அவர்களுக்கெல்லாம் ஒரே மிஷின், ஒரே பாயிண்டு. ஒருத்தர் வராவிட்டால் எந்தக் கோட்டில் தேடவேண்டும் என்று மற்ற பதினாறு பேருக்கும் தெரியும். மாமாவின் கோடு யாருக்கும் தெரியாது, அந்த மிஷினில் எதை அமுக்கவேண்டும் என்றும் தெரியாது. அபராதம் இல்லை. ஆனால் ஒன்று, ஊர் வைத்திருக்கிற மிஷினை நீயும் வைத்துக்கொள். இல்லை, இதுதான் வேண்டும் என்றால் வைத்துக்கொள், வராவிட்டால் உன்னைத் தேடி எந்தப் படகும் இறங்காது. அதுதான் தீர்ப்பு. அக்கா கூட்டத்துக்கு வெளியே நின்று வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மடப்பசங்க ஊர் என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் மாமா கடைக்கு வந்தார். சாம்பலைத் துணியில் துடைத்து மேசைமேல் வைத்தார். மஞ்சள் ஒன்று கொடு என்றார். நான் பேட்டரி, திரை, மிதக்கிறது என்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல மிஷினுதான் மச்சான். யாரு இல்லன்றா? நான் வழி தெரிஞ்சிக்கவா வாங்கறேன்? என்னத் தேடி வர்றவனுக்கு வழி தெரியணும்."

பாயே மஞ்சளை எடுத்துப் பேட்டரி போட்டுக் கொடுத்தார். அந்த மாதம் சுற்றுவட்டாரக் குப்பங்களிலும் மஞ்சள் சக்கைப்போடு போட்டது. பதினேழு படகைத் திட்டில் ஏற்றிய மிஷின்! கேட்டால், மிஷினு கரெக்டு, பனிதான் ஜாஸ்தி என்றார்கள். மாமா செய்த காரியத்தைக் கேளுங்கள். ஒரு நாள் ஏழுமலையைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போய், முகத்துவாரத்தின் நடுவில் நிறுத்தி, அவர் கையாலேயே அமுக்க வைத்தார். ஏழுமலையின் புதுப் பாயிண்டு என்று ஊரே சூடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அமுக்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஏழுமலை சம்சாரம் வாசல் நிறையக் கோலம் போட்டாளாம்.

இப்போது நினைத்தால் வழி காட்டுவதில் சாம்பலும் அப்படியொன்றும் ஒசத்தி இல்லை. உள்ளே இரண்டுக்கும் ஒரே சரக்குத்தான். மஞ்சளையும் முகத்துவாரத்தில் நின்று அமுக்கியிருந்தால் அதுவும் ஒழுங்காகத்தான் காட்டியிருக்கும். யாரும் வாங்காததை நான் கண்டுபிடித்தேன் என்ற மிதப்பைத்தான் மாமா தலையில் கட்டியிருக்கிறேன். ஒருத்தன் வாங்கினான் என்று வாங்குகிறவனை நக்கலடித்தேன். ஒருத்தனும் வாங்கவில்லை என்று வாங்கச் சொன்னவனுக்கு மட்டும் என்ன மூளை வழிந்ததாம்?

பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். குப்பத்தில் ஏழுமலையின் பிள்ளைகள் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார்கள், மற்ற வீட்டுப் பிள்ளைகள் மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு பஸ் ஏறுகிறார்கள். நாட்டாரும் போய்விட்டார், அவருக்கு அப்புறம் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. பதினெட்டில் இன்றைக்குக் கடலில் இறங்குவது மாமா படகு ஒன்றுதான். வயசு அறுபதைத் தாண்டியாகிவிட்டது, சொன்னால் கேட்பதில்லை. எந்த மிஷினை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை.

பொங்கலுக்கு நானே புது ஜி.பி.எஸ். ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். நாலு கடை ஏறி இறங்கி, எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, இருப்பதிலேயே ஒசத்தியானது. மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லா கீது மச்சான் என்றார். உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"இவரு எங்க கீறாருன்னு இது இவருக்குச் சொல்லும். ஒரு நாளு வரலன்னா, நான் யாரு வூட்டுக் கதவத் தட்டறது?"

நான் அந்தத் தெருவை மனசுக்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடந்து பார்த்தேன். அவளுக்குச் சொல்ல ஒரு வீடும் கிடைக்கவில்லை.